குச்சி திரும்புவது உண்மை, அதைத் திருப்புவது எது?

நிலத்தடி நீர் இருக்கும் இடத்தைத் தேடி, கவைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பவர் நடந்து வருகிறார். ஓரிடத்தில் குச்சி வெடுக்கென்று கீழ்நோக்கித் திரும்புகிறது. "நான் திருப்பவில்லை, அதுவாக இழுக்கிறது" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. இந்த விஷயத்தை அங்கிருந்துதான் பேசத் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். இவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிடுபவர்கள், ஏற்கெனவே நம்பாதவர்களிடம் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறார்கள். குச்சி திரும்புகிறது. பிடித்திருப்பவர் அந்த இழுப்பை உள்ளங்கையில் உணர்கிறார். இரண்டும் உண்மை.

இழுப்பது எது என்பதற்குக் காலந்தோறும் ஒரு விடை இருந்திருக்கிறது. ஒரு காலத்தில் அது தெய்வ அருள், வேறொரு காலத்தில் சாத்தானின் வேலை. இன்று அடிக்கடி காதில் விழும் விடை, பூமியின் இயற்கையான ஆற்றல் புலம். பூமிக்குக் காந்தப்புலம் உண்டு, மின்புலம் உண்டு, நிலத்தடி நீர் ஓடும் இடத்தில் அவை மாறுகின்றன, நுண்ணுணர்வு உள்ளவரின் உடல் அந்த மாற்றத்தை வாங்கிக்கொள்கிறது, குச்சி அதைக் காட்டிக்கொடுக்கிறது என்பது வாதம். முந்தைய விடைகளைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. காரணம், இதைச் சோதிக்க முடியும். எந்தப் புலம், எவ்வளவு வலிமை, உடலில் எந்த உறுப்பு அதை வாங்குகிறது என்று கேட்கலாம். கேட்டால் எண்களில் பதில் கிடைக்கும்.

முதலில் குச்சி. கவைக்குச்சியின் இரண்டு கிளைகளையும் உள்ளங்கை மேலே பார்க்கும்படி பிடித்து, வெளிப்பக்கமாக விரித்து இழுத்தால், அது நாண் ஏற்றிய வில்லைப் போல ஆகிவிடுகிறது. விசை முழுவதும் மரத்துக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இந்த நிலையில் மணிக்கட்டுகள் ஒன்றையொன்று நோக்கிச் சற்றே திரும்பினால் போதும், குச்சியின் முனை சட்டென்று மேலேயோ கீழேயோ பாயும். அதைத் தடுக்க இன்னும் இறுக்கிப் பிடித்தால் விரிப்பு கூடுகிறது, பாய்ச்சலும் கூடுகிறது. பட்டை உரியும் அளவுக்கு இறுக்கிப் பிடித்தும் குச்சி திரும்பியது என்று சொல்கிறார்களே, அதற்கு இதுதான் காரணம்.

ட வடிவில் வளைத்த இரண்டு கம்பிகளின் கதை இன்னும் எளிது. குட்டையான பகுதி கைக்குள் செங்குத்தாக நிற்கிறது, நீளமான பகுதி முன்னால் கிடையாக நீண்டிருக்கிறது. முன்கை ஓரிரு பாகை சாய்ந்தாலே, கம்பி தாழ்வான பக்கம் தேடிச் சுழன்றுவிடும். நான் பித்தளைக் கம்பிகளை வளைத்து வைத்திருக்கிறேன். ஒரு நாணயத்தைத் தரையில் போட்டுவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே நடந்தால், அதன் மேல் வரும்போது கம்பிகள் மெல்ல நகர்ந்து ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக விழுகின்றன. கையை அசைத்த உணர்வு துளியும் இருப்பதில்லை. அதே நாணயத்தை வேறொருவர் விரிப்புக்கு அடியில் மறைத்துவைத்தால், கம்பிகள் நான் எங்கே இருக்கும் என்று நினைக்கிறேனோ அங்கே குறுக்கிடுகின்றன. நாணயம் வேறெங்கோ கிடக்கிறது. முயன்று பாருங்கள், உடம்பு சிலிர்க்கும் அனுபவம் அது. யாரோ கம்பியைத் தொட்டுத் திருப்புவது போலவே இருக்கும்.

இந்த அனுபவத்தை முதன்முதலில் நிதானமாகப் பிரித்து ஆராய்ந்தவர் மிஷேல் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அவர் காலத்தில் ஊசல் பெரும் பேச்சாக இருந்தது. சணல் நூலில் ஓர் இரும்பு வளையத்தைக் கட்டி, பாதரசக் கிண்ணத்துக்கு மேலே பிடித்தால் அது தானாக ஆடும் என்றார்கள். ஷெவ்ரல் பிடித்துப் பார்த்தார், ஆடியது. இடையில் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்தார், ஆட்டம் நின்றது. வேறொருவராக இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, பாதரசத்திலிருந்து வரும் கதிரைக் கண்ணாடி தடுக்கிறது என்று அறிவித்திருப்பார். ஷெவ்ரல் அடுத்து, தன் கைக்கு ஒரு மரத்தாங்கலை வைத்தார். தாங்கல் தோளிலிருந்து விரல்களை நோக்கி நகர நகர ஆட்டம் குறைந்தது. விரல்களே தாங்கலில் படிந்தபோது அடியோடு நின்றுவிட்டது. பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டார். கண்ணாடித் தகட்டை உதவியாளர் எப்போது வைக்கிறார், எப்போது எடுக்கிறார் என்பது தெரியாதபோது, தகடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊசலில் வேறுபாடே இல்லை. ஆடும் என்ற எதிர்பார்ப்பும் ஆடுவதைப் பார்க்கும் கண்ணும் சேர்ந்து, தனக்கே தெரியாமல் தன் தசையை அசைக்கின்றன என்று அவர் முடிவுகட்டினார். இதை 1833-இல் ஆம்பியருக்கு எழுதிய கடிதமாக வெளியிட்டார். மின்காந்தவியலின் தந்தைகளில் ஒருவருக்கு இந்தக் கடிதம் போனது எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம். அறியாமல் நடக்கும் இந்தத் தசை இயக்கத்துக்கு 1852-இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கார்பெண்டர் கொடுத்த 'ஐடியோமோட்டார்' என்ற பெயர்தான் இன்றும் நிலைத்திருக்கிறது.

அதற்கும் முன்பே, பதினேழாம் நூற்றாண்டில், அதநாசியுஸ் கிர்ஷர் என்ற பாதிரியார் கவைக்குச்சியை மனிதக் கையிலிருந்து விடுவித்து, ஒரு தாங்கு முனையில் சமநிலையாக நிறுத்திப் பார்த்திருந்தார். கை இல்லாதபோது குச்சி எதற்கும் அசையவில்லை.

இங்கே ஆற்றல் புலம் பேசுபவர்களுக்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். "சரி, குச்சியைத் தசைதான் திருப்புகிறது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தசையைத் தூண்டுவது எது? உடல் ஏதோ ஒரு புலத்தை உணர்ந்து தசைக்குச் சொல்லக்கூடாதா? குச்சி வெறும் கடிகார முள்ளாக இருந்துவிட்டுப் போகட்டுமே!" இந்தக் கேள்வியைக் கையிலெடுத்தவர்களில் சாதாரணமானவர் அல்லாத ஒருவரும் உண்டு. பாரிஸின் உயர்கல்வி நிறுவனமான எகோல் நோர்மாலில் இயற்பியல் ஆய்வகத்தை நடத்தியவர், பிரான்சின் அணுகுண்டுத் திட்டத்தில் முக்கியப் பங்காற்றியவர், இவ் ரோக்கார். நீரோட்டம் பார்ப்பவரின் உடல் காந்தப்புலத்தின் நுண்ணிய வேறுபாடுகளை உணர்கிறது என்று அவர் 1960-களில் வாதிட்டார். எனவே எண்களுக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும்.

பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் ஏறத்தாழ 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கிறது (டெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு; ஆயிரம் நானோடெஸ்லா ஒரு மைக்ரோடெஸ்லா). அமைதியான நாளிலேயே இந்தப் புலம், மேலே அயனி மண்டலத்தில் ஓடும் மின்னோட்டங்களால், பகலுக்கும் இரவுக்கும் இடையே சில பத்து நானோடெஸ்லா ஏறி இறங்கும். சூரியப் புயல் வீசினால் நூற்றுக்கணக்கான நானோடெஸ்லா ஆட்டம் காணும். இப்போது தண்ணீருக்கு வருவோம். தண்ணீர் காந்தத்தை மிக மிக லேசாக விலக்கும் பொருள். அதன் காந்த ஏற்புத்திறன், அதாவது வெளிப் புலத்துக்கு அது காட்டும் காந்த எதிர்வினை, பத்து லட்சத்தில் சுமார் ஒன்பது பங்கு. பூமியின் புலத்தோடு பெருக்கிப் பார்த்தால், தண்ணீரை ஒட்டி நின்றாலும் வரக்கூடிய மாற்றம் அரை நானோடெஸ்லா அளவைத் தாண்டாது. அந்தத் தண்ணீர் பல மீட்டர் ஆழத்தில், பாறையின் நுண்துளைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவிக் கிடந்தால், தரைக்கு மேலே அந்த மாற்றம் இன்னும் எத்தனையோ மடங்கு தேய்ந்துவிடும். சில மீட்டர் தள்ளி நிற்கும் ஒரு கார் அதைவிடப் பல மடங்கு பெரிய மாற்றத்தை உண்டாக்குகிறது. இந்த அளவு நுண்மையை ஓர் உடல் உணரும் என்றால், அந்த உடல் கடந்து போகும் ஒவ்வொரு வண்டிக்கும், பாக்கெட்டில் உள்ள சாவிக்கும், காலையிலிருந்து மாலை வரை மாறும் வானத்துக்கும் துள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

மின்புலத்துக்கும் ஏறக்குறைய இதே நிலைமைதான். தெளிந்த வானிலையில் தரைக்கு அருகே மீட்டருக்குச் சுமார் 100 வோல்ட் மின்புலம் உண்டு என்பது வியப்பான உண்மை. ஆனால் கூரைக்குள் நுழைந்தாலே அது போய்விடுகிறது, ஒரு மேகம் கடந்தாலே மாறிவிடுகிறது. நீர் நுண்துளைகளில் ஊர்ந்து செல்லும்போது மின்னழுத்த வேறுபாடு உண்டாவது மெய்தான். புவி இயற்பியலாளர்கள் அதை அளக்கிறார்கள். சில மில்லிவோல்ட் முதல் சில பத்து மில்லிவோல்ட் வரை. அதற்காகத் தாமிர சல்பேட் கரைசல் நிரப்பிய சிறப்பு மின்முனைகளை மண்ணில் ஊன்றி, இரண்டுக்கும் இடையே நீளமான கம்பி இழுத்து அளக்க வேண்டியிருக்கிறது. செருப்புப் போட்டு நடக்கும் மனிதனின் உடம்பில் உராய்வினால் ஏறும் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தொடும்.

இருந்தாலும், உயிர்கள் புலங்களை உணரவே முடியாது என்று யாராவது சொன்னால் அதையும் மறுப்பேன். இந்தப் பகுதியைப் படித்த நாட்களில் எனக்குத் தூக்கமே வரவில்லை. 1960-களில் ஃபிராங்க்ஃபர்ட்டில் வொல்ஃப்காங் வில்ச்கோ, ராபின் பறவைகளைக் கூண்டில் வைத்து, சுற்றியிருந்த கம்பிச்சுருள்களால் காந்தத் திசையை மாற்றினார். பறவைகள் வலசை போக விரும்பும் திசையும் கூடவே மாறியது. சுறாவின் மூக்கைச் சுற்றி, கூழ் நிரம்பிய நுண்குழாய்கள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு, ஒரு சென்டிமீட்டருக்குச் சில நானோவோல்ட் என்ற அளவிலான மின்புலத்தைக்கூட அது கண்டுகொள்கிறது. மனித மூளைத் திசுவில் காந்தத் தாதுவான மாக்னடைட்டின் நுண்படிகங்கள் இருப்பதை ஜோசப் கிர்ஷ்விங்க் குழுவினர் 1992-இல் அறிவித்தார்கள். 2019-இல் அதே ஆய்வாளர் இன்னொரு சோதனையை வெளியிட்டார். வெளி அலைகள் புகாத கூண்டறையில் ஆட்களை உட்காரவைத்து, பூமியின் வலிமைக்குச் சமமான காந்தப்புலத்தின் திசையைச் சுழற்றியபோது, சிலருடைய மூளையின் ஆல்பா அலைகள் (ஓய்வாக இருக்கும்போது வலுக்கும் மின்னலைகள்) குறைந்தன.

மனித உடலுக்குக் காந்த உணர்வு இருப்பதற்கான இன்றைய மிக வலுவான சான்றுகளில் இது ஒன்று. நீரோட்டம் பார்ப்பவர்களும் இதை மேற்கோள் காட்டுகிறார்கள். அவர்கள் விட்டுவிடும் பகுதியையும் சொல்லியாக வேண்டும். அங்கே மாறியது முழுப் புலத்தின் திசை, பல பத்து மைக்ரோடெஸ்லா. நிலத்தடி நீர் தரக்கூடியது அதில் லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு. அந்த அறையில் இருந்தவர்கள் எதையும் உணரவில்லை, தலையில் பொருத்திய மின்முனைகள்தான் உணர்ந்தன. மூளையில் ஓர் அலை தணிவதிலிருந்து, மணிக்கட்டு திரும்பி "இங்கே தோண்டு" என்று சொல்வது வரையிலான தூரத்துக்கு யாரும் இதுவரை பாலம் போடவில்லை.

எர்ன்ஸ்ட் ஹார்ட்மன் வலை, மான்ஃபிரட் கரி வலை என்று பூமியைச் சுற்றிக் கோடுகள் இருப்பதாகச் சொல்வார்களே, அவை இரண்டும் 1950-களில் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் பரவிய கருத்துகள். அந்தக் கோடுகள் கம்பியைப் பிடித்தவருக்கு மட்டுமே தெரிகின்றன, எந்த அளவுகோலிலும் விழுவதில்லை. இதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கேள்வி நிற்கும். "அவர் காட்டிய இடத்தில் தண்ணீர் வந்ததே!" வந்திருக்கும். நிலத்தடி நீரை நரம்பு போல ஓடும் ஆறாக நாம் கற்பனை செய்துகொண்டிருக்கிறோம். சுண்ணாம்புப் பாறைக் குகைகள் போன்ற சில இடங்களில் அப்படி இருக்கலாம். பெரும்பாலான இடங்களில் அது மணலிலும் சரளையிலும் சிதைந்த பாறையிலும் ஊறிக் கிடக்கிறது. 1856-இல் பிரான்சின் டிஜான் நகரில் ஹென்றி டார்சி என்ற பொறியாளர் மணல் வழியே நீர் கசிவதை அளந்து கண்ட விதிதான் இன்றும் கணக்கு. பல இடங்களில் நிலத்தடி நீர் நகர்வது நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் முதல் சில மீட்டர் வரை. இப்படிப் பரந்து கிடக்கும் நீருக்கு மேலே எங்கே துளையிட்டாலும் கிடைக்கும். பல பகுதிகளில் தண்ணீர் வராமல் துளையிடுவதுதான் கடினம் என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை தன் விளக்கக் குறிப்பில் எழுதியிருக்கிறது. கடினப் பாறைப் பகுதி வேறு விதம். அங்கே வெடிப்பு இருக்கும் இடத்தில்தான் நீர், பத்தடி தள்ளினால் வறண்ட துளை. ஒரு குடும்பத்தின் சேமிப்பு அந்தப் பத்தடியில் போய்விடும். நான் இதை வெறும் அறிவுப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

எனவே நேரடிச் சோதனைகளைப் பார்க்க வேண்டும். 1987-88-இல் மியூனிக் இயற்பியலாளர்கள் ஜெர்மன் அரசின் நிதியோடு நடத்தியது மிகப் பெரியது. சுமார் 500 பேரை முதலில் பார்த்து, திறமையானவர்கள் என்று 43 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில், 10 மீட்டர் கோட்டில் எங்கு வேண்டுமானாலும் நகர்த்தக்கூடிய வண்டியில் தண்ணீர்க் குழாய். மேல்தளத்தில் குச்சியோடு ஆள். மொத்தம் 843 சோதனைகள். சிலருக்கு உண்மையிலேயே திறன் உண்டு என்று நடத்தியவர்கள் அறிவித்தார்கள். அதே தரவை ஜிம் என்ரைட் என்ற அமெரிக்க ஆய்வாளர் பின்னர் வேறு வகையில் அலசினார். ஒருவர் எதையும் தேடாமல் எப்போதும் கோட்டின் நடுவையே காட்டிக்கொண்டிருந்தால் எவ்வளவு பிழை வருமோ, அதைவிட ஆகச் சிறந்த நிபுணர் சராசரியாக நெருங்கி வந்தது 4 மில்லிமீட்டர். பத்து மீட்டரில் நான்கு மில்லிமீட்டர். 1990-இல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த சோதனை இன்னும் எளிமையானது. அரை மீட்டர் ஆழத்தில் குழாய் புதைத்திருக்கிறது, அது எங்கே என்றும் தெரியும். தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும். கலந்துகொண்ட 30 பேரும் சோதனை நியாயமானது என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டார்கள். விடைகள் நாணயம் சுண்டிப் பார்த்தால் வரும் அளவிலேயே நின்றன.

உண்மையான தொடர்பு வேறிடத்தில் இருக்கிறது. பூமியின் இயற்கையான காந்தப்புலத்தையே பயன்படுத்தித் தண்ணீரைத் தேடும் முறை ஒன்று உண்டு! நீரில் உள்ள ஹைட்ரஜனின் புரோட்டான்கள் அந்தப் புலத்தில் பம்பரம் போல் தலைசுற்றுகின்றன. 50 மைக்ரோடெஸ்லா உள்ள இடத்தில் நொடிக்குச் சுமார் 2,130 முறை. தரைமேல் பல பத்து மீட்டர் அகலத்துக்குக் கம்பி வளையம் விரித்து, அதே அதிர்வெண்ணில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு கணம் செலுத்தி நிறுத்தினால், ஆழத்தில் உள்ள நீரின் புரோட்டான்கள் மெல்லிய குரலில் பதில் சொல்கின்றன. நானோவோல்ட் கணக்கில் வரும் அந்தப் பதிலை வைத்து எந்த ஆழத்தில் எவ்வளவு நீர் என்று கணிக்க முடிகிறது. சோவியத் இயற்பியலாளர்கள் 1970-களின் இறுதியில் நோவோசிபிர்ஸ்கில் இதைத் தொடங்கினார்கள். பக்கத்தில் மின்கம்பி போனாலே அளவீடு திண்டாடுகிறது. இயற்கைப் புலம் தண்ணீரைப் பற்றிச் சொல்லும் செய்தி அவ்வளவு மெலிந்தது, அதைக் கேட்க அவ்வளவு பெரிய காது வேண்டும்.

கோபம் வரும் இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏடிஇ 651 என்று ஒரு கருவி. கைப்பிடியில் தளர்வாகச் சுழலும் ஆண்டெனா, உள்ளே மின்கலமே கிடையாது. வெடிகுண்டைக் காட்டும் என்று ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டிஷ் வணிகர் ஈராக்குக்கு விற்றார். பாக்தாத் சோதனைச் சாவடிகளில் காவலர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கார்களின் அருகே நடந்தார்கள். அமைப்பைப் பார்த்தால், நான் மேலே சொன்ன ட வடிவக் கம்பியேதான். 2013-இல் லண்டன் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறை விதித்தது. ஆனாலும் 2016 ஜூலையில் பாக்தாத்தில் பெரும் குண்டுவெடிப்பு நடந்த பிறகுதான் ஈராக் பிரதமர் அவற்றைத் திரும்பப் பெற உத்தரவிட்டார். தண்ணீர் வராத துளைக்கும் உயிர் போன சாவடிக்கும் அடியில் இருப்பது, கை உணர்ந்ததைச் சோதிக்காமல் விட்ட அதே வழக்கம்.

ஆனால் நீரோட்டம் பார்ப்பவர்கள் பலரிடம் ஓர் அறிவு இருக்கிறது. அது புலத்தில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. கோடையிலும் பச்சை மாறாத ஒரு வரிசை மரங்கள், பழைய ஓடையின் தடம், பாறை நிறம் மாறும் கோடு, அக்கம்பக்கத்துக் கிணறுகளின் ஆழம் எல்லாம் வாழ்நாள் முழுக்க நடந்து நடந்து அவர்கள் கண்ணில் படிந்தவை. அந்தக் கண் பார்த்ததைக் கை குச்சியில் காட்டுகிறது என்றால் எனக்கு வியப்பில்லை. 1556-இல் சுரங்கவியல் பற்றி எழுதிய ஜார்ஜ் அக்ரிகோலா, நிலத்தின் இயற்கைக் குறிகளைப் படிக்கத் தெரிந்த சுரங்கத் தொழிலாளிக்குக் கவைக்குச்சி தேவையில்லை என்று அப்போதே சொல்லிவிட்டார்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு சோதனை நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கடினப் பாறைப் பகுதி ஒன்றில், அனுபவமுள்ள ஒருவர் முதலில் குச்சியே இல்லாமல் நடந்து, கண்ணால் மட்டும் பார்த்து இடங்களைக் குறிக்கட்டும். குறித்ததை உறையிலிட்டு மூடிவிட வேண்டும். பிறகு அதே நிலத்தில் குச்சியோடு நடக்கட்டும். மூன்றாவதாக, அவர் பார்த்தறியாத இன்னொரு நிலத்துக்கு ஜன்னல் மூடிய வண்டியில் அழைத்துப்போய், கண்ணைக் கட்டி, ஒருவர் கைப்பிடித்து நடத்தக் குச்சியோடு குறிக்கட்டும். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அதன் மின்தடையை அளக்கும் ஆய்வு காட்டும் இடங்களையும் சீட்டுக் குலுக்கி எடுத்த இடங்களையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, எது யார் குறித்தது என்று தெரியாத குழுவினர் எல்லாவற்றிலும் ஒரே ஆழத்துக்குத் துளையிட வேண்டும். நீர் வரத்தை அன்றைக்கே அளந்தால் போதாது, வறண்ட மாதங்களிலும் போய் அளக்க வேண்டும்.